மாமா ஏன் கோயில் வாசலிலேயே நிற்கிறார்

போன திருவிழாவில் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டீர்கள்.

"ஏன்பா, மாமா மட்டும் உள்ள வர மாட்றாரு? ஷூவ கழட்டிட்டு வரலாம்தானே?" என்றாள் சின்னவள்.

"மெதுவா பேசு லா, அவருக்குக் கேக்கும்" என்றான் பெரியவன்.

கூட்டம் வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்று உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இந்தக் கதை எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையும், அதற்குப் பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரையும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர் உங்கள் அம்மாவின் அண்ணன் இல்லை. என் கூட்டாளி. அவர் சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர், நான் காஹாங் பக்கம். குளுவாங் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் சேர்ந்தோம். ஏர்கான் பெட்டிக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற வேலை. அவர் என்னை மச்சான் என்பார், நானும் அவரை மச்சான் என்பேன். எங்களுக்குள் டா போட்டுத்தான் பேச்சு. உங்களுக்காக மரியாதை கொடுத்து எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் ரொம்பச் சின்னதாக இருந்தபோது, கம்பெனி எங்கள் இருவரையும் ஜப்பானுக்கு அனுப்பியது. புதிதாக வரப்போகும் இயந்திரத்தை அங்கே பழகிக்கொண்டு வந்து இங்கே மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். மாமாவுக்குப் போகவே மனமில்லை. சித்திரையில் அவர் எஸ்டேட் அம்மன் கோயிலில் தீமிதி. அதற்குள் திரும்பிவிடலாம் என்று மேலாளர் உறுதி சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தீமிதி அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மகள், உங்கள் அக்கா, மாதம் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால், அவள் பள்ளிக்கூடம் சேருகிற வருசம் வரைக்கும் தவறாமல் தீ மிதிக்கிறேன் என்று மாமா வேண்டிக்கொண்டார். பிள்ளை வந்தாள். அவரும் மிதித்தார். அந்த வருசம் ஜனவரியில் அவள் ஒன்றாம் ஆண்டு சேர்ந்துவிட்டாள். ஆக, அந்தச் சித்திரையில் மிதிப்பதுதான் கடைசி. அதோடு வேண்டுதல் முடிந்தது. முடிக்காமல் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்குள் இருந்தது. சொல்ல மாட்டார். ஆனால் எனக்குத் தெரியும்.

ஜப்பானிலேயே விரதத்தை ஆரம்பித்துவிட்டார். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் மீன் வாசம். அவர் அறையில் சோறு மட்டும் ஆக்கி, வீட்டிலிருந்து கொண்டு போன புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிடுவார். காப்பி மட்டும் எப்போதும் சீனி இல்லாமல்தான். அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கிளினிக்கில் மாத்திரை கொடுப்பார்கள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் மாமா அதைப் போடமாட்டார்.

அங்கே வசந்தம் வந்துவிட்டது என்றார்கள். எனக்கு எல்லாம் குளிராகத்தான் தெரிந்தது. மரங்களில் இலை கிடையாது. சாலை ஓரத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. அதற்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஜப்பானியர் ஒரு சனிக்கிழமை தன் கைப்பேசியில் ஏதோ பேசினார். அது மலாயில் எங்களிடம் சொன்னது: நாளை விடுமுறை, பனி முடியப் போகிறது, சறுக்குவதற்கு அழைத்துப் போகிறேன்.

"போலாம்டா" என்றார் மாமா. "குளுவாங் போயி பனில சறுக்கினேன்னு சொன்னா எவனாச்சும் நம்புவானா? படம் எடுத்துக் காட்டணும்."

மறுநாள் அந்த மனிதர் எங்களைத் தன் வேனில் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் சூட்டுப் பொட்டலம் கொடுத்தார். கையகல உறை, உள்ளே கறுப்புத் தூள். பிரித்துக் குலுக்கினால் தானாகச் சூடாகும், ஒரு பக்கம் பசை இருக்கும். மேலே ஜப்பானிய எழுத்தில் என்னவோ சிவப்பாகப் போட்டிருந்தது. அவர் சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் ஒன்றைக் காலுறைக்கு மேலே ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் சூடு தாங்கவில்லை, பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா காலுறையைக் கழற்றி, உள்ளங்காலிலேயே ஒட்டினார்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"ஒன்னும் தெரியல. டூப்ளிகேட் போலருக்கு." இன்னொன்றைப் பிரித்து அதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். அந்த பூட்ஸ் வேறு மாதிரி. கல் மாதிரி கடினமான பிளாஸ்டிக், முழங்காலுக்குக் கீழே வரை வரும், இரும்புக் கொக்கி போட்டு இறுக்குவார்கள். எனக்கு முதல் ஜோடி விரலைக் கடித்தது. இரண்டாவது கணுக்காலில் குத்தியது. அந்தப் பெண் சலிக்காமல் வேறு வேறாக எடுத்துக் கொடுத்தாள்.

"என்னா லா உனக்கு, கண்ணாடிக் காலா?" என்றார் மாமா. "பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொன்னா வேணாங்குற."

"உனக்கு இறுக்கலையா?"

"ஒரே தடவைல போட்டேன், கச்சிதமா இருக்கு. இது தீ மிதிச்ச காலுடா."

அந்தப் பெண் குனிந்து அவர் பூட்ஸின் முனையை அமுக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக் காட்டி, வலிக்கிறதா என்பது போலக் கேட்டாள். மாமா சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் இன்னொரு முறை அமுக்கினாள். அவர் இன்னொரு முறை சிரித்தார்.

மேலே போவதற்குக் கம்பியில் தொங்குகிற நாற்காலி. இரண்டு பேர் உட்காரலாம். கால் கீழே தொங்கும், காலில் நீளமான பலகை தொங்கும். வெயிலில் கண் கூசியது. கீழே பனிக்கு நடுவே அங்கங்கே பழுப்பு மண் தெரிந்தது. பாதி வழியில் மாமா சொன்னார்.

"போன வருசம் ஒரு அதிசயம் நடந்துச்சு மச்சான். உன்கிட்ட சொல்லல. தீக்குழில எறங்கினேன் பாரு, சுடவே இல்ல. பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு. முன்ன எல்லாம் சுடும். பல்லக் கடிச்சிக்கிட்டு நடப்பேன். போன வருசம் ஒன்னுமே தெரியல. பூசாரிகூட சொன்னாரு, அம்மா உன்ன ஏத்துக்கிட்டாங்கன்னு."

"நல்லதுதானே" என்றேன்.

"இந்த வருசத்தோட முடியுது. கொஞ்சம் வருத்தமாதான் இருக்கு."

உச்சியில் நாற்காலி நிற்காது, நாம்தான் குதித்து இறங்க வேண்டும். நான் இறங்கினதும் விழுந்தேன். மாமா என் மேல் விழுந்தார். நாற்காலியை ஓட்டுகிற ஆள் அதை நிறுத்திவிட்டு ஓடிவந்து எங்களைப் பிரித்து எடுத்தார்.

பனி என்றால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கொட்டி வைத்த ஐஸ் கச்சாங் மாதிரி, ஈரமாகக் கனமாக இருந்தது. சிரப் மட்டும்தான் இல்லை. பலகை ஒரு இடத்தில் வழுக்கும், ஒரு இடத்தில் சிக்கிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் எல்லாம் எங்களைத் தாண்டி ஓடின. எங்களுக்குச் சறுக்கத் தெரிந்தது ஒரே விதம்தான். எஸ்டேட்டில் பாக்கு மட்டையில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்குவோம். வேகம் வந்தால் பின்னால் சாய்ந்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. வேகம் கூடினதும் இருவரும் தானாகவே உட்கார்ந்துவிடுவோம். சறுக்குப் பலகையில் உட்காரவே கூடாதாம், உட்கார்ந்தால் இன்னும் வேகமாகப் போகும். அதை எங்களுக்கு யார் சொல்வார்கள்?

"அலமாக்! நிறுத்து, நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே மாமா உட்கார்ந்த நிலையில் என்னைக் கடந்து போனார். கைக் கம்பு இரண்டும் ஆகாயத்தில் நின்றன. கீழே ஒரு பனிக் குவியலில் போய்ச் சொருகிக்கொண்டார். நான் அதற்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டேன். மூச்சு வாங்கச் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் நன்றாகச் சிரித்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் புளிச்சோற்று உருண்டையை எடுத்தோம். அது ஆறி விறைத்துப் போயிருந்தது. கையுறை, கால்சட்டை எல்லாம் நனைந்துவிட்டன.

"காலு மரத்துப் போச்சு மச்சான்" என்றார் மாமா.

"எனக்கும்தான்" என்றேன். "விரலு இருக்கா இல்லையான்னே தெரியல."

"எனக்கும் அப்பிடித்தான்."

இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு மறுபடி மேலே போனோம். மறுபடி விழுந்தோம். வெயில் இறங்குகிற வரைக்கும் அதையே செய்தோம்.

சாயங்காலம் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனுக்காகக் காத்திருந்தோம். அந்தக் கட்டடத்துக்கு வெளியே நீளமாக ஒரு கல் வாய்க்கால் இருந்தது. மலைக்குள்ளிருந்து வருகிற வெந்நீர் அதில் ஓடும். இரண்டு பக்கமும் பலகை பெஞ்சு. சறுக்கிவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அதில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முனையில் மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் ஆவி பறக்க விழுந்தது. அந்த முனையில் மட்டும் யாரும் இல்லை.

நான் நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்து காலை விட்டேன். விட்டதும் எடுத்துவிட்டேன். ஆயிரம் ஊசி குத்தின மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல விட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்த வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

மாமா காலுறையைக் கழற்றிக்கொண்டே, "அங்க எடம் காலியா இருக்குடா" என்று மூங்கில் குழாய்க்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார். இரண்டு காலையும் உள்ளே விட்டார். சாய்ந்துகொண்டு கைப்பேசியில் அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அவர் தோளைத் தட்டினார். தண்ணீரைக் காட்டி ஏதோ சொன்னார். மாமா எங்கள் ஊர் வழக்கப்படி சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நல்லா இருக்கு என்று அர்த்தம். அந்த அம்மா மறுபடி தண்ணீரைக் காட்டினார். இந்த முறை குரல் உயர்ந்தது.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தண்ணீரில் மெல்லிசாகச் சிவப்பு நூல் மாதிரி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"காலத் தூக்கு" என்றேன்.

"ஏன்டா?"

"தூக்குடா!"

தூக்கினார். கால் வெந்த இறால் மாதிரிச் சிவந்திருந்தது. வலது கால் பெருவிரல் ஓரத்தில் தோல் கிழிந்து தொங்கியது, பூட்ஸ் கடித்தது. உள்ளங்காலில் அந்தப் பொட்டலங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. மாமா ஒன்றைப் பிய்த்தார். தோலும் கூடவே வந்தது. அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வலி இல்லை. வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

"வலிக்கலயா?" என்றேன்.

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

அவர் பிய்த்ததைப் பெஞ்சின் மேல் வைத்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "உனக்கு இந்தத் தண்ணி சுடுதா மச்சான்?"

"சுடுது."

குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மாமா சொன்னார், "அப்ப போன வருசமும்..." அதோடு நிறுத்திவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று எனக்குப் புரிந்தது. அவர் வாய் சிரிக்கப் போகிற மாதிரி இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவைக் கண்ணை மூடச் சொன்னார். மீன் பிடிக்கிற தங்கூஸ் மாதிரி ஒரு மெல்லிய இழையை எடுத்து, உள்ளங்காலில் இங்கேயும் அங்கேயும் தொட்டார். தொட்டது தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். டாக்டர் தொட்டபோது மாமா சும்மா இருந்தார். டாக்டர் தொடாமல் நிறுத்தி வைத்திருந்தபோது கையைத் தூக்கி, "இப்ப" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்பக் கவனமாக, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. சுவரில் நாட்காட்டி இருந்தது, அதில் செர்ரிப் பூப் படம் இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

இனிப்புநீர் காலின் நரம்பை வருசக்கணக்காகத் தின்றிருக்கிறது என்று டாக்டர் பேசியதை, எங்களை வேனில் கூட்டி வந்த பயிற்சியாளரின் கைப்பேசி மலாயில் சொன்னது. செத்துப்போன நரம்பு திரும்ப வராது. இனி ஒரு நாளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேகூடக் கூடாது.

"தீ மிதிக்கலாமான்னு கேளு" என்றார் மாமா.

நான் கேட்கவில்லை. அந்தக் கைப்பேசியிடம் அதை எப்படிக் கேட்பது?

மாமாவை முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மறுநாள் வேலைக்குப் போனேன். இயந்திரத்தின் பொத்தான்களைப் படித்தேன். சோறு ஆக்கினேன், சாப்பிட்டேன். அறையில் அவருடைய புளிக்காய்ச்சல் டப்பா இருந்தது. அதைத் திறக்கவும் இல்லை, வீசவும் இல்லை. இங்கே ஊரில் அவர் காலில் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று உங்கள் அம்மா போனில் சொன்னாள். "சரி" என்றேன். "என்னாங்க, வெறும் சரிங்கிறீங்க?" என்றாள்.

நான் திரும்பி வந்தபோது திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மாமா வீட்டில் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பூசாரிகிட்ட கேட்டேன்" என்றார் மாமா. "முடியாதவங்களுக்காக வேற ஆளு எறங்கலாமாம். அம்மா ஏத்துக்குவாங்களாம்." பிறகு சொன்னார், "என் தம்பிய கேக்கலாம். ஆனா அவன் குடிப்பான்."

"நான் எறங்குறேன்" என்றேன்.

"உனக்குதான் கண்ணாடிக் காலாச்சே."

"பரவால்ல."

அப்படித்தான் விரதம் இருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அம்மா தனியாகச் சமைத்துத் தந்தாள்.

திருவிழா அன்றைக்கு மாமா வாசலுக்கு வெளியே, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அகலமான ஷூ போட்டிருந்தார். அதைக் கழற்றக் கூடாது, போட்டுக்கொண்டு உள்ளே வரவும் கூடாது. யாரோ உட்கார நாற்காலி கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். நான் மஞ்சள் வேட்டி கட்டி, கையில் வேப்பிலை பிடித்துப் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கீழ பாக்காத. அம்மா மொகத்த மட்டும் பாரு. ஓடாத. ஓடினா விழுந்துருவ, பனில விழுந்த மாதிரி இல்ல இது."

"சரி."

"வேகம் வந்தா ஒக்காந்துராத லா" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தீக்குழியைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. மேளச் சத்தம் இருந்தது, புகை இருந்தது. இறங்கினேன். சுட்டது. முதல் அடியிலேயே சுட்டது. உடம்பு உட்காரப் பார்த்தது, விடவில்லை. அம்மன் முகம் எனக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். அந்தப் பக்கம் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் போய் நின்றபோதுதான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது. ஜப்பானில் வராத அழுகை அது. பூசாரி அருள் என்று நினைத்து என் நெற்றியில் திருநீறு பூசினார்.

நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமா வேலியை விடவில்லை.

"சுட்டுச்சா?" என்றார்.

"சுட்டுச்சு."

"நல்லா சுட்டுச்சா?"

"நல்லா சுட்டுச்சுடா."

அப்போதுதான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைத் தரையில் உட்கார வைத்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருந்தது. விரலால் அதன் ஓரத்தைத் தொட்டார். நான் "ஆ" என்று காலை இழுத்தேன். விடவில்லை, இன்னொரு முறை தொட்டார். நான் மறுபடி கத்தினேன்.

"இருக்கட்டும்" என்றார். "முடிஞ்சிருச்சு."

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் அங்கேயே வாசலில் உட்கார்ந்து குடித்தோம்.

அதனால்தான் மாமா உள்ளே வருவதில்லை. அதனால்தான் நீங்கள் வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடிவந்தால் உங்களைப் பிடித்து நிறுத்தி, "காலு சுடுதா?" என்று கேட்கிறார். நீங்கள் தைரியம் காட்டுவதற்காக "இல்ல மாமா" என்று சொல்கிறீர்கள். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். சுட்டால் சுடுகிறது என்று சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.